மினுக்கிய வெற்றுக்கோது

சகல உலகத் தமிழர்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க ஒரு நிகழ்வு, கடந்த பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், பிற்பகல் இரண்டு மணிக்கு, லண்டன் ரெய்னர்ஸ் லேனில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலேயுள்ள மண்டபத்தில் நடந்தேறியது. இரண்டு மணி என்பது அழைப்பிதழின்படி. விளக்கேற்றியது மூன்றேகாலுக்கு.

நிகழ்வின் பெயர், 'பழங்கால இராணுவத் துப்பாக்கித் தோட்டாக்களை இனங்கண்டு மதிப்பிடும் மாபெரும் மரபுநாள்'. நடத்தியது புன்னையடி மக்கள் ஒன்றியத்தின் ஐக்கிய இராச்சியத் தலைமைச் செயலகம். கிளை என்று ஒன்றும் இல்லாதபடியால் இருந்ததெல்லாம் தலைமைச் செயலகம்தான்.

மற்ற ஊர்ச் சங்கங்கள் ஓலைச்சுவடிக்கும் பழைய நாணயத்துக்கும் மரபுநாள் வைக்கும்போது புன்னையடிக்கு மட்டும் ஏன் தோட்டா என்று கேட்கலாம். ஒன்றியத் தலைவர் மகாலிங்கத்திடம் இருந்த ஒரே தொல்பொருள் அதுதான். மண்டப வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டின்மேல், ஒரு இரும்புக் கிளிப்பில் கோத்தபடி நான்கு தோட்டாக்கள் ஆறு வருடமாகப் படுத்திருந்தன. கீழே பொன்னெழுத்தில்: 'வீரத்தமிழர் சின்னத்தம்பி அவர்கள் மெசப்பத்தேமியாப் போர்க்களத்தில் கையாண்ட தோட்டாக்கள், 1916.' சின்னத்தம்பி என்பவர் தலைவரின் தாத்தா. கிளிப்பில் ஐந்து தோட்டாக்களுக்கு இடம் உண்டு. ஐந்தாவது எங்கே என்று கேட்பவர்களுக்குத் தலைவர் ஒரு பதில் வைத்திருந்தார்.

"அது ஒரு ஜேர்மன் தளபதியின்ர நெஞ்சுக்குள்ள இருக்கு."

"மெசப்பத்தேமியாவில ஜேர்மன்காரன் என்ன செய்தவன், ஹொலிடேயோ?" என்று பொருளாளர் செபமாலைமுத்து வருடா வருடம் கேட்பார். எழுபது வயது, தபாற்கந்தோரில் ஓய்வு பெற்றவர். ஒன்றியத்தில் எதிர்க்கட்சி என்று இருந்தது அவருடைய வாய் மட்டும்தான்.

மகாலிங்கம் வீட்டுக்கடன் ஆலோசகர். வயது அறுபத்துமூன்று. எண்பத்தைந்தாம் ஆண்டில் ஆறு மாதம், இயக்கத்துக்கு உதவிய ஊர்ப் பொடியன்கள் நாலு பேரோடு சேர்ந்து, புன்னையடி மதகடியில் துவக்கோடு காவல் நின்றவர். அந்த ஆறு மாதத்தைப் பற்றி நாற்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பொங்கல் விழாவானாலும் பூப்புனித நீராட்டு விழாவானாலும் மைக் கைக்கு வந்த மூன்றாவது நிமிடத்தில் மதகடி வந்துவிடும். சாப்பாட்டை எடுத்து வைக்கலாம் என்று சமையல்காரர் அறிந்துகொள்வது அதை வைத்துத்தான்.

அந்த மதகடியில்தான் செல்வமலரின் அண்ணன் செத்துக் கிடந்தான்.

எண்பத்தைந்து ஆடி மாதம், காலை ஏழரை மணி. சண்முகராசாவுக்கு இருபத்துநாலு வயது. உபதபாற்கந்தோரில் வேலை. பொலிஸ் நிலையத்துக்கு வந்த கடிதங்களையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனவன் மதகைத் தாண்டவில்லை. ஒரே வெடி. அந்த நேரத்தில் பொலிஸ் ஜீப் ஒன்று போனதைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். ஜீப் போனது முதல்நாள் என்று வேறு சிலர் சொன்னார்கள். மதகடியில் காவல் நின்ற பொடியன்கள் தாங்கள் அப்போது தேத்தண்ணி குடிக்கப் போயிருந்ததாகச் சொன்னார்கள். மகாலிங்கத்துக்கு அன்றைக்குக் காய்ச்சல். பிற்காலத்துப் பேச்சுகளில் அது ஒரு வருடம் மலேரியாவாகவும் ஒரு வருடம் நெருப்புக்காய்ச்சலாகவும் இருந்தது.

ஆள் ஒருவன்தான், காயமும் ஒன்றுதான். சுட்டது பொலிஸ் என்றால் அவன் தியாகி. பொடியன்கள் என்றால் காட்டிக்கொடுத்தவன். ஊர் இரண்டாவதைத் தெரிவுசெய்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பதினொரு பேர். பறை அடிக்க ஆள் வரவில்லை.

செல்வமலருக்கு அப்போது இருபது வயது. ஓடிப்போய்ப் பார்த்தவள், அண்ணனின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோதை எடுத்துப் பாவாடை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேறு எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. லூயிஷாமில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மண்டபத்தின் பின்சுவரில் ஊரின் நாற்பத்தேழு பேருடைய படங்கள் மாலையோடு தொங்குகின்றன. அதில் சண்முகராசா இல்லை. ஒன்றியச் சட்டவிதியான யாப்பின் நான்காம் பிரிவின்படி அந்தச் சுவர் 'எதிரியால் கொல்லப்பட்டோருக்கு' மட்டும். மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் தலைவர் உருக்கத்தோடு மறுத்தார். கடைசித் தடவை மட்டும் ஒரு வழி சொன்னார்:

"தங்கச்சி, எனக்கு விருப்பமில்லாமலோ? சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லே. அது பொலிஸ்காரன்ர வெடிதான் எண்டு விசயம் தெரிஞ்ச ஒராள் எழுதித் தரட்டும். அடுத்த நிமிசம் போடுறன்."

அப்படி எழுதித்தர உலகத்தில் ஆள் இல்லை என்று நம்பிச் சொன்னது. பிறகு அதை மறந்துவிட்டுத் தாத்தாவுக்குப் புகழ் சேர்ப்பதற்காகத் தோட்டா நிபுணர் ஒருவரை அவரே அழைத்தார். வட்ஸப்பில் வந்த அழைப்பிதழை செல்வமலர் நாலு தரம் வாசித்தாள். இந்த வருடம் படங்களைக் கழற்றிவிட்டு எல்லாப் பெயர்களையும் சலவைக்கல்லில் வெட்டப் போகிறார்கள். திங்கட்கிழமை பட்டியல் கல் வெட்டுபவரிடம் போகிறது. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் நிபுணர் வருகிறார்.

*

'சர்வதேச ஆயுத வரலாற்றுப் பேரறிஞர்' என்று அறிவிப்பாளர் பிரசாந்தினி அறிமுகம் செய்த கமலநாதன், கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். முப்பத்தொரு வருடம் லிப்ட் திருத்தியவர். கோலியர்ஸ் வுட்டில் ஒரு சின்ன வீடு. மனைவி போனபிறகு தோட்டாக் கோது சேர்க்கத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இராணுவச் சாமான் சந்தைகளில் வெள்ளைக்காரக் கிழவர்களோடு குந்தியிருந்து பித்தளையின் அடியைப் பார்ப்பார். மைக்கைக் கொடுத்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நான் அறிஞர்லாம் இல்லைங்க. தோட்டாவோட அடியில எழுத்து இருக்கும். செஞ்சவன் யாரு, எந்த வருசம், என்ன ரகம், மூணும் சொல்லும். அதைப் படிப்பேன். அவ்வளவுதான்."

கூட்டம் ஏமாந்துபோனது. இதற்குப் பொன்னாடை வேறு போர்த்தியாகிவிட்டது.

பதினெட்டுப் பேர் வரிசையில் வந்தார்கள். பாதிப் பேர் கொண்டுவந்தது தோட்டாவே அல்ல. கட்டார் விமான நிலையத்தில் வாங்கிய, தோட்டா வடிவச் சிகரெட் லைட்டரை ஒருவர் கொண்டுவந்திருந்தார். கமலநாதன் அதைத் திருப்பிப் பார்த்து, "எரியுதுங்களா?" என்று கேட்டார். எரிந்தது. "அப்ப இன்னிக்கு வந்ததுல இதுதான் வேலை செய்யுது" என்று தாளில் குறித்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் இலக்கம் செல்வமலர். கைலேஞ்சித் துணியை விரித்து மேசையில் வைத்தாள். கோது பொன்போல மின்னியது. பக்கத்தில் நின்ற பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

கமலநாதனின் முகம் மாறியது. நல்ல கறியில் யாரோ இரண்டாம் தரம் உப்புப் போட்டுவிட்டதைக் கண்டவர்போல.

"இதை என்னம்மா செஞ்சீங்க?"

"மினுக்கினனான்."

"எதை வெச்சு?"

"ஊரில எண்டால் புளியும் சாம்பலும். இஞ்ச கிறீம். அண்ணான்ர திவசத்துக்கு வீட்டு விளக்கெல்லாம் மினுக்குவம். இதையும் சேர்த்துத்தான். தீபாவளி, பொங்கல், வருசப்பிறப்புக்கும். இது அவன்ர சாமானெல்லே. களிம்பு பிடிச்சபடி விடலாமோ?"

"எத்தனை வருசமா?"

"நாப்பது."

அவர் கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு அடித்தட்டை விளக்கடியில் சாய்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார். ஒரு மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசினார். 

"த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியோட கோது. சுட்டது. நடுவுல ஊசி குத்துன தடம் இருக்கு. கடைசியில ஏழுன்னு ஒரு எண் இருக்கு. அது ரகம். வருசத்துல ரெண்டாவது எண் மட்டும் கொஞ்சம் தெரியுது. ஆறு மாதிரி இருக்கு. எட்டாவும் இருக்கலாம். செஞ்சவன் பேரு..." தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "பேரு இருந்த இடத்துல மழமழன்னு இருக்கும்மா. தேய்ச்சிட்டீங்க."

"பொலிசின்ரயோ பொடியளின்ரயோ எண்டு சொல்ல ஏலாதோ?"

அவருக்கு விளங்கவில்லை. செபமாலைமுத்து குனிந்து அவர் காதில் கதையைச் சொன்னார். கேட்டு முடித்தபோது கமலநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"எழுத்து முழுசா இருந்தாலும் யார் சுட்டான்னு அது சொல்லாதுங்க. எந்தப் பெட்டியில வந்துச்சுன்னு வேணும்னா ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனா ஒப்பிடவும் எழுத்து வேணுமே."

"எழுத்து இருந்தாலும் என்னத்துக்கு?" என்றார் செபமாலைமுத்து. "பொலிசிட்டையும் அதுதான். பொலிசிட்ட இருந்து பறிச்ச பொடியளிட்டையும் அதுதான்."

செல்வமலர் கோதைக் கையில் எடுத்து அதன் அடியைத் தன் பெருவிரலால் தடவினாள். நாற்பது வருடமாக அதே விரல்தான். அது அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மகாலிங்கம் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் தோளில் கைவைத்தார். துக்கத்தில் பங்கெடுக்கும் முகம் ஒன்று அவரிடம் எப்போதும் தயாராக இருந்தது.

"பாத்தியளோ தங்கச்சி. ஆதாரம் இல்லை. நாங்கள் என்ன செய்யிறது? கவலைப்படாதேங்கோ, அன்னதானத்துக்கு அவர்ட பேரில ஒரு நாள் ஒதுக்குவம்." மைக்கைப் பிரசாந்தினியிடமிருந்து வாங்கினார். "இப்ப இந்த மரபுநாளின் சிகரத்துக்கு வருவம்!"

கண்ணாடிப் பெட்டி இரண்டு பேரால் தூக்கிவரப்பட்டது. தலைவரின் உரை இருபது நிமிடம் நீண்டது. மெசப்பத்தேமியாவின் மணலில் தொடங்கி, தமிழன் வீரத்தைத் தொட்டு, மூன்றாவது நிமிடத்தில் தவறாமல் மதகடிக்கு வந்து, "அந்த இரத்தம்தான் எனக்குள்ள ஓடுது" என்று முடிந்தது. சமையல்காரர் ரோல்ஸை எடுத்து வைத்தார்.

கமலநாதன் கிளிப்பிலிருந்து ஒரு தோட்டாவை உருவினார். பித்தளை மங்கிக் கறுத்திருந்தது. கை பட்ட அடையாளம் இல்லை. அடியில் ஊசி படவேண்டிய இடத்தைச் சுற்றி ஊதா வளையம்கூட அப்படியே இருந்தது.

"இதை யாரும் மினுக்கலையா?"

"சீச்சீ. கையே பட விடேல்லை. தையல் மெசின் பெட்டியோட கப்பலில வந்தது. ரெண்டாயிரத்து நாலில. பேப்பரால சுத்தினது சுத்தினபடி."

"படிச்சிடலாம். ரொம்பச் சுத்தமா இருக்கு." கண்ணாடியை மாட்டினார். "ஆர், ஜி. அது தொழிற்சாலை. ஐம்பத்தாறு. ஏழு."

"ஆயிரத்தெண்ணூற்று ஐம்பத்தாறு!" என்றார் மகாலிங்கம் மைக்கில். கைதட்டல் எழுந்தது. "தாத்தாவுக்கு முந்தின பரம்பரையும் போராடியிருக்கு!"

"சார், இந்தத் துப்பாக்கியே ஆயிரத்தெண்ணூத்து எண்பதுகள்லதான் வந்துச்சு. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. முதல் உலகப் போர்த் தோட்டாவுல ஏழுன்னு இருந்தா ரோமன் எழுத்துல இருக்கும். இப்படிச் சாதாரண ஏழு போட்டது ரெண்டாவது போர் முடியிற நேரம் தொடங்கித்தான்."

"தாத்தா எப்ப செத்தவர், லிங்கம்?" என்று கேட்டார் செபமாலைமுத்து.

மகாலிங்கம் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். தாத்தா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் செத்தவர். அது ஒன்றிய மலரின் ஒன்பதாம் பக்கத்திலேயே படத்தோடு இருக்கிறது.

"அப்ப செத்து இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகும் சண்டை பிடிச்சிருக்கிறார். விடாக்கண்டன்தான்."

சிரிப்பு எழுந்தது. கமலநாதன் சிரிக்கவில்லை. பையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்து, தோட்டாவை அதன்மேல் வைத்தார். தராசைக் கண்டதும் பெண்கள் பக்கம் உஷாரானது.

"மூண்டு பவுண் தேறும்" என்றாள் ஒருத்தி.

"இருபத்தஞ்சு கிராம்" என்றார் கமலநாதன். "மருந்தை எடுத்திருந்தா இருபத்திரண்டு சொச்சம்தான் வரும்." மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தார். எல்லாம் இருபத்தைந்து. அடியில் ஒன்றிலும் ஊசி குத்திய தடம் இல்லை. "சார், இது நாலும் உயிரோட இருக்கு. மருந்து உள்ள இருக்கு. லைசென்ஸ் வெச்சிருக்கீங்களா?"

ஆறு வருடமாக அந்தப் பெட்டியின்மேல் கற்பூரம் கொளுத்தி, ரீ குடித்த கோப்பை வைத்து, பிள்ளைகளை ஏற்றி நிறுத்திப் படம் எடுத்த சனம், அந்தக் கணத்தில் உயிராபத்தை உணர்ந்தது. கதிரைகள் விழுந்தன. குத்துவிளக்கை அணைக்கச் சொல்லி ஒருவர் கத்தினார். இரண்டு நிமிடத்தில் மண்டபம் காலி. ரோல்ஸ் தட்டு மட்டும் காணாமல் போயிருந்தது.

மேசையடியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கமலநாதன். மைக்கைப் பிடித்தபடி நின்ற மகாலிங்கம். கைலேஞ்சியோடு செல்வமலர்.

"ஐயா," என்றாள் அவள், "ரெண்டையும் பக்கத்தில வையுங்கோ."

கமலநாதன் தயங்கினார். பிறகு வைத்தார். கறுத்த தோட்டாவின் அடியும் மின்னிய கோதின் அடியும். ஒன்றில் ஐம்பத்தாறு, ஏழு. மற்றதில் ஆறுபோல ஒன்று, பிறகு ஏழு. ஐந்து பிடிக்கும் கிளிப்பில் நான்கு.

"ஒண்டோ?"

"ஒண்ணா இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரு வருசத்துல கோடிக்கணக்குல செஞ்சிருப்பான். எல்லாத்துலயும் இதே எழுத்துதான். உங்களுதுல அந்த ரெண்டு எழுத்தும் இருந்திருந்தா ஒரே தொழிற்சாலைன்னாவது சொல்லியிருப்பேன்." அவர் குரல் தாழ்ந்தது. "சுட்ட துப்பாக்கி இருந்தா ஊசித் தடத்தை வெச்சு நிச்சயமாச் சொல்லலாம்."

"துவக்கு எங்க, மகாலிங்கண்ணை?"

"எனக்கென்ன தெரியும்? அது அப்பவே இயக்கத்திட்ட..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அவர் சொன்னது கீழே தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"தாத்தான்ர துவக்கைக் கேக்கிறாவாக்கும் எண்டு நினைச்சன்" என்று அவர் மெல்லச் சொன்னார்.

*

வெளியே குளிர். பட்டுச்சேலையும் வேட்டியுமாக எண்பது பேர் தெருவின் மறுபக்கத்தில், கோழிக்கடை வாசலில் ஒடுங்கி நின்றார்கள். பொலிசுக்கு அறிவித்தது கமலநாதன். வரும்வரை தோட்டாக்களுக்குப் பக்கத்தில் தான் இருப்பதாகச் சொல்லி உள்ளேயே நின்றுவிட்டார்.

மகாலிங்கம் செல்வமலரை மெத்தைக் கடைக் கண்ணாடியோரம் கூட்டிப் போனார். பின்னால் வெளிச்சத்தில், கழிவு விலைக் கட்டில் ஒன்று விரித்திருந்தது.

"தங்கச்சி, நான் யோசிச்சுப் பாத்தன். சண்முகராசான்ர பேரைப் போடுவம்."

"யாப்பு?"

"யாப்பு நாங்கள் எழுதினதுதானே. திங்கக்கிழமை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். நாப்பத்தெட்டாவதா இல்லை, முதலாவதாப் போடுவம்."

"முதல் மூண்டு தரமும் ஏலாதெண்டனியள்."

"அப்ப ஆதாரம் இல்லை."

"இப்ப இருக்கோ?"

அவர் கட்டிலைப் பார்த்தார். "நீங்களும் சும்மா கண்ட இடத்தில தோட்டாக் கதை கதைக்காமல் விட்டியளெண்டால் நல்லது. ஊர்ச் சனம் வாய்க்கு வந்தபடி சொல்லுங்கள். செத்தவனுக்கும் மரியாதை இல்லை."

"அண்டைக்கு உங்களுக்கு என்ன வருத்தம் அண்ணை?"

"எண்டைக்கு?"

"அண்டைக்கு."

"காய்ச்சல்."

"என்ன காய்ச்சல்?"

மகாலிங்கம் வாயைத் திறந்தார். நாற்பது வருடமாக மைக்கின் முன்னால் திறந்த வாய். அதிலிருந்து புகைமட்டும் வந்தது.

அவள் அவசரப்படவில்லை. ரயிலில் வரும்போது அவள் கற்பனை செய்திருந்தது வேறு: ஒரு நிபுணர், ஒரு கடிதம், கல்லில் ஒரு பெயர். கடிதம் கிடைக்கவில்லை. பெயர் கிடைக்கிறது. அதைத் தருபவர் யார் என்பதுதான் இப்போதுள்ள கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடிய இரண்டு எழுத்தையும் அவளே புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். வேண்டாமென்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லலாம். சொன்னால் அண்ணன் காட்டிக்கொடுத்தவனாகவே இருப்பான், அவள் செத்தபிறகும். கலியாண வீடுகளில் அவள் வந்து இருந்ததும் பக்கத்துக் கதிரைகளில் கதை நிற்கும். அம்மா அப்படித்தான் செத்தாள்.

"போடுங்கோ" என்றாள். "ஆனா கல்லைத் திறக்கேக்கை சீலையை நீங்கள்தான் இழுக்கோணும். அவன்ர பேரை நீங்கள்தான் வாசிக்கோணும். எப்பிடிச் செத்தவன் எண்டும்."

"அதுக்கென்ன" என்றார் மகாலிங்கம், சட்டென்று உயிர் வந்தவராக. "அது என்ர கடமை."

பொலிஸ் வந்தது. இரண்டு பேர், அதில் ஒருத்தி இளம்பெண். தெருவை மறித்துக் குண்டு செயலிழக்கச் செய்யும் வாகனம் வரும் என்று கோழிக்கடை வாசலில் எதிர்பார்த்திருந்தார்கள். அவள் மாடிக்கு ஏறிப்போய் ஐந்து நிமிடத்தில் நான்கு தோட்டாக்களையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்து வந்தாள். மகாலிங்கத்திடம் விசாரித்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மன்னருக்காகப் போராடிய தாத்தாவின் நினைவாகக் குடும்பம் காத்துவந்தது என்றார். ஐம்பத்தாறு என்று கமலநாதன் குறுக்கிட்டார். அவள் அதையும் குறித்துக்கொண்டாள். ஆனால் தாத்தாவின் கதைதான் அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்ததோடு காரியம் முடிந்தது. போகும்போது அவருடைய தாத்தாவின் சேவைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போவதற்கு முன் செல்வமலர் தன் கைலேஞ்சியை விரித்துக் காட்டினாள்.

"இதுவும் வேணுமோ?"

அந்தப் பெண் கையில் எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். சுட்ட கோது சட்டப்படி தோட்டா ஆகாதாம். வெறும் பித்தளைதானாம். எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள் என்றாள்.

*

சித்திரை இரண்டாம் ஞாயிறு சலவைக்கல் திறக்கப்பட்டது. அதே எண்பது பேர், அதே ரோல்ஸ். கண்ணாடிப் பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாதென்று கட்டார் லைட்டரை உள்ளே வைத்திருந்தார்கள். பொன்னெழுத்துப் பலகையை மாற்ற ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மகாலிங்கம் சீலையை இழுத்தார். முதல் பெயரை வாசித்தார். "சண்முகராசா. அகவை இருபத்துநாலு. புன்னையடி மதகடியில் எதிரியின் குண்டுக்கு இரையானவர்." குரல் நடுங்கும், பாதியில் நின்றுவிடும் என்று செல்வமலர் முன்வரிசையில் காத்திருந்தாள். அதைக் காண்பதற்காகத்தான் அவள் அந்த நிபந்தனையையே போட்டாள்.

குரல் கணீரென்று இருந்தது. நடுங்கவேண்டிய இடத்தில் அளவோடு நடுங்கியது. "அவனை என்ர மடியில கிடத்தித் தண்ணி பருக்கினவன் நான்" என்றார் அவர் மைக்கில். காய்ச்சல் அந்த வருடத்தோடு போய்விட்டது. பெண்கள் அழுதார்கள். செல்வமலருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்பது வருடமாக அவளோடு பேசாத ஒருத்தி வந்து கட்டிப்பிடித்து, "உங்கட அண்ணா எங்கட ஊரின்ர சொத்து" என்றாள்.

செபமாலைமுத்து மட்டும் கல்லடியில் நின்று, வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆழமாத்தான் வெட்டியிருக்கிறான்" என்றார். "நீ மினுக்கினாலும் இனி அழியாது, பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கமலநாதன் விழாவுக்கு வரவில்லை. அழைப்பிதழ் அனுப்பாததும் ஒரு காரணம். விலை எழுதி அனுப்புவதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பதால், மரபுநாளுக்குக் கொண்டுவந்த எல்லாப் பொருள்களுக்குமான மதிப்பீட்டுப் பட்டியல் விழாவுக்கு அடுத்த வாரம் தபாலில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனது. செல்வமலருக்கு வந்த தாளில் ஒரே வரி இருந்தது.

இலக்கம் 19: சுட்ட வெற்றுக்கோது, மினுக்கியது, எழுத்து அழிந்தது, இருபது பென்ஸ்.